மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு மறுக்கப்பட்டால் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

வாகரையில் ஒரு கால் இழந்தவர் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து, 'தகுதியில்லை' என்ற ஒரே வரிக் கடிதம் பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் நாடக்கூடிய வழிகளில் ஒன்று நீதிமுறை மீளாய்வு: அதாவது, அரச அதிகாரி ஒரு முடிவைச் சட்டப்படி எடுத்தாரா என்று நீதிமன்றம் சரிபார்ப்பது. இலங்கை அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ், கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் எழுத்தாணை (ரிட் எனப்படும் நீதிமன்றக் கட்டளை) மூலம், சட்டப்படி எடுக்கப்படாத முடிவை இரத்துச் செய்யலாம்.

காலின் நிலையை நீதிபதி மதிப்பிடுவதில்லை. அது மருத்துவரின் வேலை. அதிகாரி தமக்கில்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தினாரா, விண்ணப்பதாரர் சொல்வதைக் கேட்காமலே முடிவெடுத்தாரா, கையிலிருந்த மருத்துவச் சான்றிதழைப் புரட்டாமலே மறுத்தாரா என்பவையே அங்கு எழும் கேள்விகள்.

அம்பாறையில் நெல் விற்கும் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். தராசில் பிழையென்று முறையிட்டால், பார்க்க வருபவர் தராசைத்தான் சோதிப்பார். மூட்டைக்கு விலை சொல்லமாட்டார். பிழையிருந்தால் மறுபடி நிறுக்கச் சொல்வார்.

வழக்குக்கு முன், திட்டத்திலேயே மேன்முறையீடு இருந்தால் முதலில் அதைச் செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்வது, என் பார்வையில், பாதி வழக்குக்குச் சமம். தாமதமும் எழுத்தாணை மனுவைக் கெடுக்கும்.

வழக்கில் வென்றால் கொடுப்பனவு உடனே கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது, அதே விண்ணப்பத்தை அதிகாரி மறுபடி முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்ற கட்டளைதான்.