அலாய் வீலை வீட்டிலேயே உரித்துப் பளபளப்பாக்க: கேட்டதும் சொன்னதும்

என் பழைய காரின் நான்கு அலாய் வீலையும் வாசலில் வேப்பமரத்தடியில் வைத்துப் பெயின்ட் உரித்து, கையாலேயே பாலிஷ் போட்டு மாட்டிய படத்தைப் பார்த்ததிலிருந்து கேள்வி மேல் கேள்வி. இதோடு ஆறு செட் செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, என் வீலில் மேல் பூச்சுக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக ஓடுகிறது. பாலிஷ் போட்டால் போகுமா?

போகாது தம்பி. கல் தெறித்த இடத்தில் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு விட்டு, அது வழியாகத் தண்ணீரும் உப்பும் இறங்கி அலுமினியத்தை அரித்துக்கொண்டே போன தடம் அது. நீங்கள் மேலே தேய்க்கிற பாலிஷ் அடியிலுள்ள அந்தத் தடத்தைத் தொடவே தொடாது. மொத்தமாக உரிக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் வீலின் முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பழைய இசைத்தட்டு மாதிரி மெல்லிய வட்ட வரிகள் தெரிந்தால் அது டைமண்ட் கட் வீல். அந்த வரி லேத்தில் போட்டது, கையால் தேய்த்தால் அழிந்துவிடும், திரும்ப வராது. மறுபடி லேத்தில் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும் என்பதால் அதையும் சில தடவைதான் செய்ய முடியும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் போதும் என்று மனம் ஒப்பினால் மட்டும் உப்புத்தாளை எடுங்கள்.

சோழவந்தானிலிருந்து: பெயின்ட் உரிக்கக் காஸ்டிக் சோடா போதாதா? வீட்டில் சும்மா கிடக்கிறது.

தயவுசெய்து வேண்டாம். இரும்புக்குச் சரி, அலுமினியத்தை அது தின்றுவிடும், நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வேறு கிளம்பும். டாய்லெட் கழுவும் ஆசிட்டும் அப்படித்தான். பெயின்ட் கடையில் கெட்டியான ஜெல் பெயின்ட் ரிமூவர் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

முதலில் டயர் கடையில் டயரைக் கழற்றிக்கொள்ளுங்கள், ஜெல் ரப்பரில் பட்டால் டயர் கெடும். காற்றழுத்த சென்சார் உள்ள வண்டியானால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜெல்லைத் தடிமனாக அப்பி, மேலே பாலிதீன் தாளால் மூடி, அரைமணி நேரம் விட்டால் பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொங்கிச் சுருண்டு வரும், பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் போதும். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் இந்த வேலையை வைத்தால் ஜெல் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும், விடிகாலையில் நிழலில் ஆரம்பியுங்கள். கம்பெனியில் பவுடர் கோட் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) அடித்த வீல் ஒரே தடவையில் விடாது, மூன்று நான்கு தடவை அப்ப வேண்டிவரும். பொறுமை இழந்து ஹீட் கன், தீ ஊதும் டார்ச் என்று போகாதீர்கள். அந்த உலோகம் பக்குவமாகச் சூடேற்றிப் பலப்படுத்தப்பட்டது, கண்டபடி சூடு காட்டினால் அந்தப் பலம் போய்விடும்.

இன்னொன்று, வேகமாக உரிக்கும் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அதன் புகை ஆளையே சாய்க்கும், அமெரிக்காவில் 2019-ல் வீட்டு உபயோகத்துக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். எந்த ஜெல்லானாலும் மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். மருத்துவமனையில் போடும் மெல்லிய கையுறை தாங்காது, ரசாயன வேலைக்கென்று விற்கும் தடித்த கையுறை வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

மேலூரிலிருந்து: கம்பி பிரஷ் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். என் முதல் செட்டில் அப்படித்தான் செய்தேன், முடித்த அன்றைக்கு நன்றாகவே இருந்தது. ஐப்பசி மழை இரண்டு நாள் விழுந்ததும் வீல் முழுக்கப் பழுப்புப் புள்ளி. பிரஷ்ஷின் இரும்புத் தூள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடித்திருக்கிறது. திரும்ப முதலிலிருந்து தேய்த்தேன்.

அண்ணா நகரிலிருந்து ஓர் அக்கா: எந்த நம்பர் தாளில் ஆரம்பித்து எதில் முடிப்பது? நான் 400, 1000, 2000 என்று போனேன், பளபளக்கிறது, ஆனால் வெயிலில் கீறல் தெரிகிறது.

அக்கா, நீங்கள் நடுவில் தாவிவிட்டீர்கள், அதுதான் விஷயம். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். 400 போட்ட கீறலை 1000 எடுக்காது, அதன் மேட்டை மட்டும் வழவழப்பாக்கும், பள்ளம் அப்படியே கிடக்கும். பிளாட்பாரக் கல்லில் உரசிய இடம் இருந்தால் அங்கே மட்டும் 120. மற்றபடி 220, 320, 400, 600, 800, 1000, 1500, 2000, ஒன்றையும் விடக் கூடாது. 320-லிருந்து வாட்டர் பேப்பர்தான், வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு நம்பரில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் நெடுக்காக. அப்போதுதான் முந்தின கீறல் மிச்சமிருந்தால் தனியாகத் தெரியும், அது முழுதாக மறையும் வரை அடுத்த தாளைத் தொடாதீர்கள். நம்பர் மாற்றும்போது வீலையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், பழைய தாளின் ஒரு மணல் பொடி மாட்டினால் போதும், 1500-ல் பட்ட பாடு வீண்.

ஸ்போக் இரண்டும் சேரும் மூலைக்கு மெஷின் போகாது. தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஆள்காட்டி விரலில் சுற்றி, உள்ளே விட்டு இழுக்க வேண்டும். ஒரு மூலைக்கு ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் ஆகும், விரல் நுனி எரியும். வீலின் அழகு அந்த மூலைகளில்தான் தெரியும் என்பேன். ஒரு வீலுக்கு எனக்கு இரண்டு முழு நாள் ஆகிறது.

வாடிப்பட்டியிலிருந்து: டிரில்லில் பஃப் மாட்டி அடிக்கலாமா?

பஃப் என்கிற துணிச் சக்கரத்தைத் தாராளமாக மாட்டலாம், ஆனால் 2000 முடித்த பிறகு. முதலில் பழுப்பு பஃபிங் சோப், பிறகு வெள்ளை, இரண்டுக்கும் தனித்தனி பஃப். கருப்பாக மை மாதிரி வழியும், பயப்படாதீர்கள், அது அலுமினியம்தான். டிரில் இல்லாவிட்டால் மெட்டல் பாலிஷ் கிரீமும் பழைய பனியன் துணியும் போதும், கை வலிக்கும், அவ்வளவுதான். காய்ந்த தூள் மூக்கில் போகாமல் மாஸ்க் போடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: பெயின்ட் எடுத்ததும் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறது. தேய்த்து மறைத்துவிடலாமா?

கூடாது. வெல்டிங்கும் வேண்டாம். அந்த வீலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

மதுரை கோ.புதூரிலிருந்து: இந்தப் பளபளப்பு எத்தனை நாள் நிற்கும்?

ஒன்றும் பூசாமல் விட்டால் சில வாரத்தில் மங்கத் தொடங்கும், அதிலும் போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால் வெள்ளைத் திட்டு உடனே. நான் மாதம் ஒருமுறை வாக்ஸ் போடுகிறேன். கிளியர் அடிக்கலாமே என்பீர்கள். கண்ணாடி போல் வழவழப்பான உலோகத்தில் கிளியர் நன்றாகப் பிடிக்காது, நாளடைவில் பாளமாக உரியும், அப்புறம் மறுபடி ஜெல்லில்தான் வந்து நிற்க வேண்டும். மாதாமாதம் உட்கார முடியாது என்றால் பாலிஷ் ஆசையை விட்டுவிட்டு, உரித்த வீலைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

ஒத்தக்கடையிலிருந்து: மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

நட் உட்காரும் குழியிலும், வண்டியில் வீல் மாட்டும் ஹப்பைத் தொடும் பின்முகத்திலும் தாளும் படக் கூடாது, பெயின்டும் படக் கூடாது. அங்கே பெயின்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட் இளகும். டயர் போட்டதும் பேலன்சிங் கட்டாயம். நட்டை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள், ஏறி மிதிக்க வேண்டாம். 50, 60 கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஆறியபின் இன்னொரு தடவை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். நான் திண்டுக்கல் வரை போய், அங்கே டீ குடித்துவிட்டு நான்கையும் சரிபார்த்துத்தான் திரும்புவேன்.