பைக்கில் ஹட்யாய்

கேள்வி: என்னுடைய 200 சிசி பைக்கில் நண்பனுடன் தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போக ஆசை. ஒரே நாளில் போய்விடலாமா? அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி, ஒரே நாளில் வேண்டாம். மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹித்தாம் வரை விரைவுச்சாலையே ஏறத்தாழ 770 கிலோமீட்டர். ஈப்போவில் இரவு தங்குங்கள். நான் முதல்முறை வீம்புக்கு ஒரே மூச்சில் ஓட்டினேன். தாப்பாவைத் தாண்டியபோது கிளட்ச் பிடித்த இடது கை விரல்கள் மரத்துப்போய், நெடுநேரம் விரியவே இல்லை.

அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. பெட்ரோல் போடும்போது மட்டும் கவனம்: மலேசியாவில் வெளிநாட்டு வண்டிகளுக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் விற்க 2010 முதலே தடை. ரான் 97 போடுங்கள்.

தாய்லாந்துக்குள் நுழைய அந்நாட்டின் கட்டாயக் காப்புறுதி தேவை. எல்லைக்கு முன்னால் சங்லூன் கடைகளிலேயே வாங்கலாம். பைக் கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும். கடவுச்சீட்டை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, சட்டைக்குள் வையுங்கள். பிற்பகல் மழையில் என்னுடையது ஊறிவிட்டது. குடிநுழைவு அதிகாரி ஒவ்வொரு பக்கமாக, கிழியாமல் நகத்தால் பிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். இருட்டியபின் ஓட்டமாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஓய்விடத்திலிருந்தும் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.