லைட்டில் வைத்த பிள்ளைக்குப் பின்னாளில் ஏதும் வருமா?

கடலூரில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் 22 வருஷம் நர்ஸாக இருந்தேன். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை, அதற்கு வைக்கும் நீல லைட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நெல்லிக்குப்பம்: சிஸ்டர், என் பையனை இரண்டு நாள் லைட்டில் வைத்தார்கள். இப்போது எட்டு மாதம். அதனால் பின்னாளில் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. தூக்கமே இல்லை.

மனசைத் தேற்றிக்கொள்ளும்மா. கலிபோர்னியாவில் சுமார் 5 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. லைட்டில் இருந்த பிள்ளைகளிடம் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அவர்களில் டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிப் பிரச்சினை உள்ளவர்களும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். இதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகு, லைட்டால்தான் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

வலிப்பு பற்றி 2018-இல் வந்த ஆய்வில் சிறிய தொடர்பு தெரிந்தது, பையன்களிடம் சற்றுக் கூடுதலாக. பத்து வருஷத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பேர் கூடுதல் என்கிற அளவுதான். அதற்கும் லைட்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பையனுக்கு இதற்காக ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஆனால் ரத்தத்தில் மஞ்சள் அளவு ஏறாத பிள்ளையை "ஒரு நாள் இருக்கட்டுமே" என்று லைட்டில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2022-இல் லைட் தொடங்கும் அளவைச் சற்று உயர்த்திவிட்டது.

அரியாங்குப்பம்: அது எக்ஸ்ரே மாதிரியா அக்கா? ஏன் கண்ணைக் கட்டுகிறார்கள்?

எக்ஸ்ரே இல்லை, புற ஊதாக் கதிரும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நீல ஒளிதான். தோலில் இருக்கும் பிலிருபினை, அதாவது மஞ்சளை உண்டாக்கும் பொருளை, அது உருமாற்றி, மலத்திலும் சிறுநீரிலும் போகவைக்கிறது. லைட்டில் இருக்கும்போது மலம் பச்சையாக, இளகிப் போவது அதனால்தான். கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஆகாது. பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பி அந்தக் கண்கட்டை மூக்கு வரைக்கும் இறக்கிவிடும், மூச்சு அடைக்கும். பக்கத்தில் இருக்கிற நீங்கள்தான் பார்த்து மேலே ஏற்ற வேண்டும்.

பண்ருட்டி: நாங்கள் காலை வெயிலில்தான் காட்டினோம். பேரனுக்கு அது போதாதா?

அம்மா, இந்த வைத்தியமே வெயிலில்தான் பிறந்தது. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊரில், 1956-இல், ஜீன் வார்டு என்ற நர்ஸ் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிப் போவார். ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை டாக்டரிடம் காட்டினார். ஒரு நர்ஸின் கண்ணில் பட்டது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் வெயிலை அளந்து கொடுக்க முடியாது. அம்மணமாகக் காட்டினால் நம் ஊர் வெயிலில் தோல் வெந்துபோகும். அளவு ஏறிய பிள்ளைக்கு வெயிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

பாகூர்: நான் ஓ குரூப், குழந்தை பி. பிலிருபின் அளவு 15. பயமா?

பிறந்து எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லையே. முதல் நாளே 15 என்றால் அவசரம். நிறைமாதக் குழந்தைக்கு ஐந்தாம் நாள் 15 என்றால் பெரும்பாலும் லைட்டே வேண்டாம். ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் ரத்த குரூப் சேரவில்லை. அதனால் அளவு வேகமாக ஏறலாம், டாக்டர் சொன்ன நேரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். பிலிருபின் மூளையில் ஏறிவிட்டால் காது போகும், கை கால் முடங்கும். எந்த லைட்டாலும் அதைத் திருப்ப முடியாது.

திருப்பாதிரிப்புலியூர்: லைட்டில் இருக்கும்போது கீழாநெல்லியோ சர்க்கரைத் தண்ணியோ கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தாய்ப்பால், நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை.

வில்லியனூர்: லைட் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம். கண் இன்னும் லேசாக மஞ்சள்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குச் சில வாரம் அப்படி நிற்பதுண்டு. ஆனாலும் இரண்டு வாரம் தாண்டினால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். மலத்தின் நிறத்தை இன்றைக்கே பாருங்கள். மஞ்சளாகப் போனால் நாளைக்குக் காட்டலாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், இப்போதே கிளம்புங்கள்.