லிமெரிக் வரப்போகும் தம்பிக்கு

தம்பி, அயர்லாந்தின் லிமெரிக்கில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வாடகை, குளிர், மளிகை, லைசென்ஸ் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டு கேள்வி: "கஸ்டமர் கேரில் பேசுவது ரொம்பக் கஷ்டம் என்கிறார்களே, உண்மையா? ஆளே தெரியாத ஊரில் பொழுது எப்படிப் போகும்?" நான் எழுத உட்கார்ந்தது இந்த இரண்டுக்காகத்தான். பக்கத்து கிளேர் கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) 2006-இல் நாகர்கோவிலில் இருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள் நான். இன்னும் இங்கேதான், எனிஸ் ஊரில் இருக்கிறேன். என்னை அழ வைத்தது முதல் விஷயம், இங்கேயே இருக்க வைத்தது இரண்டாவது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்குக் குடை வேண்டாம், காற்று மடக்கி எறிந்துவிடும், நல்ல ஜாக்கெட் வாங்குங்கள். அரிசி பருப்பு லிமெரிக்கிலேயே கிடைக்கும். நம் ஊர் லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், தியரி தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாடகை பற்றி ஒன்றே ஒன்று: நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள், கேட்பவர் தமிழராக இருந்தாலும் சரி. முன்பணமாக ஒரு மாத டெபாசிட்டும் ஒரு மாத வாடகையும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்பது சட்டப்படி கூடாது. ஒரு வீட்டை எடுத்து அறை அறையாக நம் பிள்ளைகளுக்கே லாபம் வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். "அண்ணன் பார்த்துக்கிறேன்" என்ற பேச்சை நம்பி ரசீது வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வந்ததும் முதலில் மாட்டுவது முகவரிச் சான்றில். வங்கிக் கணக்கு கேட்டால் உங்கள் பெயரில் கரண்ட் பில் கொண்டு வா என்பார்கள். கரண்ட் கம்பெனியைக் கூப்பிட்டால் வங்கிக் கணக்கு எண் சொல் என்பார்கள். அறையில் வாடகைக்கு இருப்பவர் பெயரில் பில்லே வராது. இதில் சுற்றிச் சுற்றியே பலருக்கு முதல் மாதம் போய்விடுகிறது, சம்பளம் போட கணக்கு இல்லாமல். வழி இருக்கிறது. பிபிஎஸ் எண் (வேலைக்கும் வரிக்கும் தேவையான அடையாள எண்) தரும் அரசுத் துறையிலிருந்தும் வரி அலுவலகத்திலிருந்தும் தபாலில் வரும் கடிதங்கள் உங்கள் பெயரும் முகவரியும் போட்டு வரும். அவற்றைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். வேலை கொடுத்தவரிடமும் முகவரி குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். எந்த வங்கி எதை ஏற்கும் என்று போவதற்கு முன்பே அவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிபிஎஸ் வேலையைத் தள்ளிப் போடவே கூடாது. அந்த எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் 40 சதவீதம் எமர்ஜென்சி டாக்ஸ் என்று பிடித்துவிடுவார்கள். பிறகு திரும்ப வரும் என்றாலும் கையில் காசில்லாத நேரத்தில் அது பெரிய அடி.

அப்புறம் இன்டர்நெட், போன், கரண்ட் கம்பெனிகள். என் கதையைச் சொல்கிறேன். எனிஸுக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டை எடுத்தோம். அப்போது இந்த நாட்டில் எர்கோடு (வீட்டுக்கு வீடு தனி அஞ்சல் குறியீடு) கிடையாது, அது 2015-இல்தான் வந்தது. கிராமத்தில் கதவு எண்ணும் இல்லை, தெருப் பெயரும் இல்லை, சுற்றியுள்ள பத்து வீட்டுக்கும் ஒரே முகவரிதான். லைன் போட ஆள் வரும் என்று நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பேன். மாலையில் செய்தி வரும்: வந்தோம், வீட்டில் யாரும் இல்லை. கூப்பிட்டால் பாட்டு ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். எடுப்பவர் தங்கமாகப் பேசுவார். ஒரு கடுஞ்சொல் வராது. "நானே பார்த்துக்கொள்கிறேன், திரும்பக் கூப்பிடுகிறேன்" என்பார். கூப்பிட மாட்டார். மறுநாள் வேறொருவர், அவருக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் போடாத லைனுக்குக் கணக்கிலிருந்து மாதா மாதம் பணம் மட்டும் ஒழுங்காகப் போனது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம் அது. போன் கார்டு வாங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று பேசுவேன்.

நம் ஊரில் கத்தினால் மேனேஜர் வருவார். இங்கே கத்தினால் லைன் கட்டாகும். எடுப்பவரும் பாவம், பாதிப் பேர் உங்களையும் என்னையும் போல வேறு நாட்டிலிருந்து வந்து குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள். அவரைத் திட்டி ஒன்றும் ஆகாது. எழுத்துதான் இங்கே வேலை செய்யும். போனில் பேசுங்கள், ஆனால் பேசி முடித்த உடனே, இன்ன தேதி, இன்னார், இன்னது சொன்னார் என்று ஈமெயில் அனுப்பிவிடுங்கள். அதில் இது முறையான புகார் என்று தெளிவாக எழுதி, புகார் எண் கேட்டு வாங்குங்கள். புகார் எண் இல்லாத பேச்சு காற்றில் போன பேச்சு. போன், இன்டர்நெட் விஷயத்தில் 10 வேலை நாட்களில் தீர்க்கவில்லை என்றால் காம்ரெக் என்ற ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம், செலவு இல்லை. அவர்கள் பெயரை என் கடிதத்தில் கம்பெனி பார்த்த பிறகுதான் என் பணம் திரும்பி வந்தது. அதுவரை பேசிய பேச்சுக்கெல்லாம் ஒரு பைசா பலன் இல்லை.

இன்னும் சில ஆயுதங்கள் உண்டு, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. டைரக்ட் டெபிட்டில் (கம்பெனியே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை) தவறாகப் பணம் எடுத்தால் 8 வாரத்துக்குள் உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள், காரணம் கேட்காமல் திருப்பித் தர வேண்டும். உண்மையிலேயே நீங்கள் கட்ட வேண்டிய பில்லுக்கு இதைச் செய்யாதீர்கள், கடன் அப்படியே நிற்கும். ஆன்லைனிலோ போனிலோ எடுத்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். "போனில் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மறுத்தால், உங்கள் அழைப்பின் ஒலிப்பதிவைத் தரச் சொல்லி எழுதுங்கள். தனிநபர் தகவல் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எதற்கும் மசியாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு வழக்குகளுக்கான நீதிமன்ற வழி இருக்கிறது. 2,000 யூரோ வரையிலான வழக்குக்கு 25 யூரோ கட்டணம், வக்கீல் தேவையில்லை. நான் அது வரை போனதில்லை. ஆனால் போகத் தயார் என்று ஒரு வரி எழுதியதும் பதிலின் தொனியே மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் வருட விலையைக் காட்டி இழுத்துவிட்டு, அது முடிந்ததும் சத்தமில்லாமல் ஏற்றிவிடுவார்கள். விசுவாசமான வாடிக்கையாளருக்குத்தான் இங்கே அதிக விலை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இந்தக் கோபம் ஊர் மேல் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. அங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஹெல்ப்லைனில் பட்ட பாட்டை வைத்து "இவங்களுக்கு வேலையே செய்யத் தெரியாது, சும்மா சிரிப்பானுங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். வாரம் முழுக்க வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை டப்ளினுக்குக் கார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நானும் டப்ளின் போகிறேன், போக வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாமல் பல வருடம் வாழ்ந்துவிட்டு, இங்கே யாரும் ஒட்ட மாட்டார்கள் என்று புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துவது சரியில்லை.

அந்த லைன் போட வந்த ஆள் இருக்கிறாரே, அவர் என் வீடு என்று நினைத்துப் போய் நின்றது பக்கத்து வீட்டில். அந்த வீட்டுப் பாட்டிதான் அதைச் சொல்ல மழையில் நடந்து வந்தார். நான் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுப் போனில் ஊருக்குப் பேசச் சொன்னார். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஆறு பக்கம் உள்ள ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். கான்செர்டினா. நம் ஆர்மோனியம் போல உள்ளே ரீடுகள், இரண்டு பக்கமும் பொத்தான்கள், நடுவில் துருத்தி. கிளேர்காரர்களின் உயிர் அது. அந்த ஞாயிறு அவரே என்னை எனிஸில் ஒரு பப்புக்கு செஷன் (கூடி உட்கார்ந்து வாசிக்கும் இசை) கேட்கக் கூட்டிப் போனார்.

பப் என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். நானும் சர்ச், ஆஸ்பத்திரி தவிர எங்கும் தனியாகப் போகாத வீட்டில் வளர்ந்தவள். இங்கே பப் என்பது ஊர்த் திண்ணை. டீ கேட்டால் டீ தருவார்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பெற்றோரோடு குழந்தைகளும் இரவு 9 மணி வரை, கோடையில் 10 வரை இருக்கலாம். மூலையில் வட்டமாக ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா என்று உட்கார்ந்திருப்பார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. ஒருவர் ஆரம்பிப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை சுற்றி, நிறுத்தாமல் அப்படியே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில் உடம்பு சிலிர்க்கும். ஜிக் என்ற மெட்டு வகையைக் கேட்டால் உங்கள் கை தானாகத் திஸ்ர நடை போடும். ரீல் என்ற இன்னொரு வகை நம் சதுஸ்ரம் மாதிரி ஓடும். முன்னால் தாள் எதுவும் இருக்காது, எல்லாம் கேள்வி ஞானம். பாட்டியிடம் பேரன் கேட்டுக் கற்றது. கிழக்கு கிளேர் பக்கம் கொஞ்சம் நிதானமாக, ஏக்கம் கலந்து வாசிப்பார்கள். ஃபீக்கிள் அருகே பிறந்த மார்ட்டின் ஹேய்ஸின் ஃபிடிலைக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

கேட்கப் போகும்போது சில மரியாதைகள் உண்டு. வட்டத்துக்குள் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள், அது வாசிக்க வருகிறவருக்கு. மேஜையைத் தட்டாதீர்கள். யாராவது தனியாகப் பாட ஆரம்பித்தால் மொத்தக் கடையும் அடங்கிவிடும், நீங்களும் அடங்குங்கள். மொபைலை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுக்காதீர்கள். முதல் நாள் யாரும் பேசாவிட்டால் மனம் உடைய வேண்டாம். அதே நாள், அதே இடம், திரும்பத் திரும்பப் போங்கள். ஒரு நாள் யாராவது உங்களுக்காக நகர்ந்து இடம் விடுவார்.

என் மகள் பள்ளியில் டின் விசில் என்ற சின்னக் குழலில் ஆரம்பித்துக் கான்செர்டினாவுக்கு வந்தாள். கோல்டஸ் என்ற சங்கம் 1951 முதல் இந்த இசையைக் கட்டிக் காக்கிறது, ஊருக்கு ஊர் கிளை, பிள்ளைகளுக்கு வகுப்பு. ஃப்ளா கியோல் என்ற அவர்களின் பெரிய விழா 2016, 2017 இரண்டு வருடமும் எனிஸில் நடந்தது. தெருவெல்லாம் பிள்ளைகள் வாசித்துக்கொண்டு நின்றார்கள், அதில் என் பெண்ணும் ஒருத்தி. அவள் காலால் தாளம் போட்டு வாசித்ததைப் பார்க்க அம்மா இல்லையே என்றுதான் இருந்தது.

இசை மட்டும் இல்லை. இங்கே சாவுக்குப் போவார்கள். கிளேர் எஃப்எம் வானொலியில் தினமும் இறந்தவர் பெயரும் எங்கே எப்போது போகலாம் என்பதும் வாசிப்பார்கள். அந்தப் பாட்டியின் கணவர் இறந்தபோது நானும் வரிசையில் நின்று, குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் துட்டி கேட்கப் போவது போலவேதான். அதற்குப் பிறகு கடையில், ரோட்டில் எனக்கு வணக்கம் சொல்லும் ஆட்கள் பல மடங்கு ஆனார்கள். உடன் வேலை செய்பவர் வீட்டில் துக்கம் என்றால் அழைப்புக்குக் காத்திருக்காமல் போய் வாருங்கள்.

மட்டையும் பந்தும் வைத்து ஆடும் இந்த நாட்டு விளையாட்டான ஹர்லிங்கும் அப்படித்தான். 2024-இல் கிளேர் ஒரே ஒரு புள்ளியில் கார்க் கவுண்டியை வென்று கோப்பை எடுத்த அன்று நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிவிட்டது. நீங்கள் லிமெரிக்காரர் ஆகப் போகிறீர்கள், எங்களுக்கு எதிரணி. பரவாயில்லை.

லிமெரிக் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் வேர்ல்ட் அகாடமி என்று இசை, நடனத்துக்கே ஒரு துறை இருக்கிறது, அங்கே நடக்கும் கச்சேரிகளை விசாரியுங்கள். மே மாதக் கடைசியில் எனிஸில் ஃப்ளா நூவா என்ற இசை விழா நடக்கும், அதற்குக் கட்டாயம் வாருங்கள், லிமெரிக்கிலிருந்து ரயிலும் பஸ்ஸும் உண்டு. செஷன்கள் பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்குத்தான் சூடு பிடிக்கும், திரும்ப வண்டி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் தங்கலாம், சாப்பாட்டுக்குத் தீயல் வைக்கிறேன்.