மானுக்கும் ஒரு தோட்டமா?

கேள்வி: கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் என் அண்ணர், நவம்பர் மான் வேட்டைக்கு முன்னர் தமது காணியில் அரை ஏக்கரை மானுக்கென்றே பயிரிடப் போகிறாராம். முதலில் சுண்ணாம்பு போட வேண்டும் என்று அயலவர் ஒருவர் சொன்னாராம். அண்ணர் பகிடி விடுகிறாரோ என்று ஐயமாக இருக்கிறது. எதை, எப்போது விதைப்பார்கள்?
— வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: பகிடியன்று, வட அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் பலர் செய்யும் வேலைதான் இது. அரை ஏக்கர் நம் கணக்கில் 8 பரப்பு. மறைவை விட்டு அதிக தூரம் வர அஞ்சும் மானுக்குக் காட்டோரத்தில் அவ்வளவு போதும். சுண்ணக்கல்லின் மேலேயே குடியிருக்கும் நமக்குச் சுண்ணாம்பைக் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்துக்குப் போடுவது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அங்கே காட்டோர நிலங்கள் பல அமிலத்தன்மை மிக்கவை; சுண்ணாம்பு அதைத் தணிக்கும். குளோவர் என்னும் தீவனப் பயிர் செழிக்க மண்ணின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். இட்ட சுண்ணாம்பு மண்ணோடு சேர்ந்து வேலை செய்யப் பல மாதங்கள் எடுக்குமாதலால், மண்ணைச் சோதித்து, விதைப்புக்கு வெகு முன்பே அதை இட்டுவிடுவது நல்லது.

விதைக்கும் நாளை வேட்டை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். கோவாக் குடும்பத்து டர்னிப், ரேப் ஆகியவற்றை ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் முற்பகுதியிலோ விதைத்தால், உறைபனி விழுந்தபின் இலையில் சர்க்கரை கூடி, அதுவரை திரும்பியும் பாராத மான்கள் தேடி வரும். ஓட்ஸும் குளிர்காலக் கோதுமையும் ஆகஸ்ட் கடைசியில் விதைக்கப்படுபவை. முற்றிய தாளை விட்டு இளந்தளிரையே மான் விரும்பும். குளோவர் நம் சணலைப் போல நைதரசனை மண்ணில் சேர்க்கும் அவரையினம். ஒருமுறை வேரூன்றினால் சில ஆண்டுகள் நிற்கும். அதன் விதை மிகச் சிறியது என்பதால், கீரை விதை போல மணலோடு கலந்து தூவி, கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் மண்ணை அமுக்கிவிட வேண்டும். ஆழமாக உழுது மூடியவருக்கு ஒன்றும் முளைக்காது.

மேய்வது மான்தானா என்று அறிய, பயிரின் நடுவே கம்பிவலைக் கூடொன்றை வைத்து, உள்ளே வளர்ந்ததையும் வெளியே எஞ்சியதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். மானுக்கு மேல் முன்பற்கள் இல்லை. அது கடித்த தண்டு நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்ததோ கத்தியால் சரித்து வெட்டியது போலிருக்கும். ஓக் மரங்கள் நிறையக் காய் சொரியும் ஆண்டில் மட்டும் அண்ணர் ஏமாறக்கூடும்: அந்தக் காய் இருக்கும்வரை மான் எந்தத் தோட்டத்தையும் பொருட்படுத்தாது.

கேள்வி: வன்னியிலுள்ள எங்கள் காணியில் இப்படிச் செய்யலாமா?
— வாசகர் ஒருவர், கோப்பாய்

பதில்: வேட்டைக்காக என்றால் கூடாது. அண்ணர் அனுமதிப்பத்திரம் எடுத்து, குறித்த பருவத்தில் சுடுகிறார். இங்கே மானையும் மரையையும் கொல்வது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். புள்ளிமானைப் பார்க்கத்தான் ஆசையென்றால், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் அவை தாமாகவே உலாவுகின்றன.