சூஷி சாப்பிட்டபின் எண்ணெய்க் கசிவு: எந்த மீனின் வேலை?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். சூஷி கடையில் ‘ஒயிட் டூனா’ என்று போட்டிருந்ததை வயிறு நிறையச் சாப்பிட்டேன். அன்றிரவு வயிற்றுவலி எதுவும் இல்லை. ஆனால் எனக்கே தெரியாமல் ஆரஞ்சு நிற எண்ணெய் உள்ளாடையில் கசிந்திருந்தது. ஏதாவது விஷமா?

பதில்: விஷமில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் சாப்பிட்டது சூரையே (டூனாவே) இல்லை, எஸ்கலார் என்ற வேறொரு மீன் என்றுதான் நினைக்கிறேன். கடல் பாதுகாப்புக்காக இயங்கும் ஓஷியானா அமைப்பு அமெரிக்கக் கடைகளிலும் உணவகங்களிலும் மீன்களின் மரபணுவைச் சோதித்து 2013இல் வெளியிட்ட அறிக்கையில், ‘ஒயிட் டூனா’ என்று விற்றவற்றில் 84 சதவீதம் எஸ்கலார்தான்.

இது ஆழ்கடல் மீன். பகலில் 200 மீட்டருக்குக் கீழே கிடக்கும். இருட்டியதும் கணவாயையும் சிறு மீன்களையும் தேடி மேலே வரும். 2 மீட்டர் வரை வளரும். பெரிய கண்கள், உடல் கரும்பழுப்பு, வயதாக ஆகக் கிட்டத்தட்டக் கறுப்பு. உடலின் பக்கவாட்டில் தெரியும் பக்கக்கோடு நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து போகும். வால் தொடங்கும் இடத்தில் தடித்த முகடு ஒன்று, அதை ஒட்டி இரண்டு சிறு முகடுகள். முழு மீனைப் பார்த்தால் ஏமாறவே முடியாது. துண்டு போட்டபின்தான் சிக்கல்.

கசிந்தது மெழுகு எஸ்டர் என்ற கொழுப்பு வகை. சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். இரையோடு உள்ளே போகும் இந்த மெழுகை அந்த மீனாலேயே சரியாகச் செரிக்க முடியாது, சதையிலேயே சேர்ந்துவிடுகிறது. தண்ணீரைவிட லேசானது என்பதால் உடலை மிதக்க வைக்கவும் உதவுகிறது. தேன்மெழுகும் இதே இனம்தான். நம் குடல் நொதிகள் இதை உடைப்பதில்லை. அப்படியே இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறும். ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும், மருந்து வேண்டியதில்லை. ஆனால் மீன் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் படபடப்பும் வந்தால் அது வேறு விவகாரம்: சரியாகக் குளிரூட்டாத மீனில் உண்டாகும், ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த முறை நிறத்தைக் கவனியுங்கள். உண்மையான ‘ஒயிட் டூனா’வான அல்பகோர் சூரையில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், எஸ்கலார் பால்வெள்ளை. வறுத்தாலும் மெழுகு முழுதாகப் போகாது. ஜப்பானில் 1977 முதல் இதன் விற்பனைக்கே தடை. ருசி விடவில்லை என்றால் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குடல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதுவும் வேண்டாம்.