இத்தனை வங்கிகள் இருக்கும் திருகோணமலையில் சிக்கனக் கடனுதவுச் சங்கம் எதற்கு?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறார். அங்கத்தவரின் சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே கடன் கொடுக்கும் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்கள் திருகோணமலைப் பகுதியில் எப்படித் தோன்றி வளர்ந்தன என்பது ஒன்று. வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பனிகளும் நிறைந்துவிட்ட இந்தக் காலத்தில் அவை இன்னும் ஏன் இருக்கின்றன என்பது மற்றது. நகரை ஒட்டிய ஒரு சிறிய சங்கத்தில் நீண்ட காலம் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் சொல்வதில் சில, பெரிய சங்கங்களை நடத்துபவர்களுக்குக் கசக்கலாம்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கத்தவரின் சொந்தக் காசில் ஓடிய சங்கங்கள் மெதுவாக வளர்ந்தன, ஆனால் நிலைத்தன. வெளியிலிருந்து காசு கொட்டிய ஒவ்வொரு முறையும் அங்கத்தவர் தொகை ஏறியது, புதிய பெயர்ப்பலகை தொங்கியது, சில வருடங்களில் அறவிட முடியாத கடன் பட்டியலும் நீண்டது. ஆண்டறிக்கைகளில் வளர்ச்சி என்று அச்சாவதை நான் சந்தேகத்தோடு படிப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டப்படி இலங்கையில் இந்தக் கதை 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகிறது. இந்தியாவில் 1904இல் இதே போன்ற சட்டம் வந்திருந்தது. இரண்டுக்கும் மூலம், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் விவசாயிகளுக்காக அமைத்த கடன் சங்கங்கள். ஒரு கிராமத்துக்கு ஒரு சங்கம், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மட்டுமே அங்கத்தவர், நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை என்பவை அவருடைய விதிகள். எல்லாவற்றுக்கும் மேலாக வரையறையற்ற பொறுப்பு: சங்கம் முறிந்தால் அதன் கடனுக்கு எல்லோரும் தங்கள் சொத்தோடு பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கும் கடனுக்கு என் வளவும் மாடும் போகக்கூடும் என்றால், அவன் எதற்குக் கடன் வாங்குகிறான் என்று நான் கேட்காமல் இருப்பேனா? இலங்கையின் ஆரம்பகாலக் கடன் சங்கங்களில் மிகப் பல இந்த அடிப்படையில்தான் பதிவாயின. 1930இல் கூட்டுறவுக்கென்று தனித் திணைக்களம் வரும்வரை அவற்றை விவசாயத் திணைக்களமே பார்த்துவந்தது.

எங்கள் மாவட்டத்தில் காசு எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதத்தில் போகிறது என்பது தெரியாமல் இந்தச் சங்கங்களைப் புரிந்துகொள்ள முடியாது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழப் பங்குனியிலிருந்து புரட்டாதி வரை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் படகு கரையேறிவிடும். கார்த்திகை, மார்கழியில் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவதே கடனில்தான். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்காரருக்கோ பெரும்போகத்துக்கு உழவும் விதைநெல்லும் உரமும் தேவைப்படுவது ஐப்பசியில். காசு கையில் வருவது மாசி, பங்குனி அறுவடையில். ஆக, மாரி தொடங்கும்போது இரண்டு பகுதியினரும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள்.

மீனவர் மட்டுமே சேர்ந்த சங்கமோ வயல்காரர் மட்டுமே சேர்ந்த சங்கமோ இந்த இடத்தில்தான் மூச்சு முட்டும். எல்லோரும் ஒரே மாதத்தில் கடன் கேட்டால் பெட்டியில் என்ன இருக்கும்? எங்கள் சங்கம் தாக்குப்பிடித்ததற்கு நிர்வாகத் திறமையை விடப் பெரிய காரணம், அங்கத்தவரில் மாதச் சம்பளக்காரர் கணிசமாக இருந்ததுதான். ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் எழுதுவினைஞர்கள் என்று மழையோ வெயிலோ மாதம் தவறாமல் சேமிப்புக் கட்டியவர்கள். அவர்களுடைய காசுதான் மாரியில் திருக்கடலூர்ப் பக்கத்து மீனவர் வீடுகளுக்கு அரிசியானது. சித்திரை, வைகாசியில் அது திரும்பி வந்தபோது, பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் சம்பளக்காரர்களுக்குக் கடனாயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஒரே ஒழுங்கையில் இப்படிக் கலந்து குடியிருந்தோம், அவ்வளவுதான்.

கடன் கூட்டம் எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணம். படகு இயந்திரம் பழுது பார்க்கக் கடன் வேண்டும் என்று ஓர் இளைஞர் விண்ணப்பம் கொடுத்தார். பிணைக்கு இருவர், பங்குப் பணம், சேமிப்பு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. குழுவில் வலை வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

"தம்பி, முதலாளிக்கு எவ்வளவு பாக்கி?" என்று மட்டும் கேட்டார்.

இளைஞர் தலை குனிந்துகொண்டார். படகும் வலையும் வாங்க முற்பணம் கொடுத்தவருக்கே பிடிக்கும் மீன் முழுவதையும் கொடுக்க வேண்டும், விலையை அவர்தான் தீர்மானிப்பார், அதற்கு மேல் தன் பங்கையும் கழித்துக்கொள்வார் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இயந்திரம் பழுது தீர்ந்தாலும் மீன் விலை கையில் நிற்காது. "முதலில் அந்த முற்பணத்தைத் தீர்க்க விண்ணப்பம் எழுதிக்கொண்டு வாருங்கள், இயந்திரத்தை அடுத்த மாதம் பார்ப்போம்" என்று அனுப்பினார் பெரியவர். கேட்டதை விடக் கூடிய தொகையைக் கொடுத்தோம். அடுத்த பருவத்தில் அந்த இளைஞர் மீனைச் சந்தை விலைக்கு விற்றார், தவணையும் தவறவில்லை. வங்கி முகாமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்குக் கரை தெரியாது.

மீண்டும் வரலாற்றுக்கு வருகிறேன். இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசின. அந்தப் போர்க்காலத்தில் பங்கீட்டுப் பொருள் விநியோகத்துக்காக நாடு முழுவதும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. சங்கக்கடை வரிசையில் கடன் சங்கம் மறந்துபோயிற்று. 1957 அளவில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, 1961இல் மக்கள் வங்கி, 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள். 1970களின் தொடக்கத்தில் சிறிய சங்கங்களை இணைத்துப் பெரிய சங்கங்களாக்கினார்கள். அவை அரசாங்கத்தின் கையில் இருந்த கூட்டுறவு. அங்கத்தவரின் கூட்டுறவு என்று நான் சொல்ல மாட்டேன். தனித்து நின்ற சிக்கனச் சங்கங்கள் பல உறங்கிக் கிடந்தன.

அவற்றை எழுப்பியவர் கேகாலை மாவட்டம் வல்கமவைச் சேர்ந்த பி. ஏ. கிரிவந்தெனிய. 1978இல் தன் ஊரின் சங்கத்தில் தொடங்கி, சணச (சிக்கனக் கடனுதவுச் சங்கங்களுக்கான சிங்களச் சுருக்கப் பெயர்) என்ற நாடளாவிய இயக்கமாக அதைக் கட்டியெழுப்பினார். கிராமத்தில் ஆரம்பச் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மேலே சம்மேளனம், 1997இல் சணச அபிவிருத்தி வங்கி என்று அமைப்பு மாடி மாடியாக உயர்ந்தது. இடையில் 1980களில் அரசின் பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டக் கடன்கள் இந்தச் சங்கங்கள் வழியாகக் கொடுக்கப்பட்டன. அரசாங்கக் காசுதானே, கட்டாவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் நுழைந்தது அப்போதுதான். அயலவரின் சேமிப்பைத் திருப்பிக் கட்டாமல் இருக்கக் கூசுகிற அதே மனிதர், திறைசேரிக் காசென்றால் கூசுவதில்லை. அவரைத் திட்டிப் பயனில்லை, நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

எங்கள் மாவட்டத்தில் போர் இன்னொரு சோதனை. 1990இல் ஊர்கள் கலைந்தபோது அங்கத்தவரில் பலர் முகாம்களுக்குப் போனார்கள், சிலர் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். சங்கத்தில் காசு அதிகம் இருக்கவில்லை. இருந்த சொத்து பேரேடுதான். எனக்கு முன்பு பொருளாளராக இருந்தவர் அதைப் பொலித்தீனில் சுற்றி, அரிசி போடும் பீப்பாவுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். ஊர் திரும்பியவர்களில் பலரிடம் சேமிப்புப் புத்தகம் இல்லை. பேரேட்டைத் திறந்து ஒவ்வொருவருக்கும் மீதியை வாசித்தோம். மூலைகள் கறையான் அரித்துப் பழுப்பேறியிருந்தன, ஆனால் தொகைகள் தெளிவாக இருந்தன. சேமிப்பு இவ்வளவு என்று ஏற்றுக்கொண்டவர்கள், கடன் இவ்வளவு என்றபோதும் மறுக்கவில்லை. பேரேடு எரிந்துபோன சங்கங்களில் சேமிப்பை எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள், கடனைத்தான் யாருக்கும் நினைவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்தது எதிர்த்திசைச் சோதனை. ஆழிப்பேரலையின் பின் படகு, வலை, இயந்திரம் எல்லாம் இலவசமாக வந்தன. தேவையும் இருந்தது, வரவேற்றோம். ஆனால் அதோடு சுழல்நிதி என்ற பெயரில் கடன் கொடுக்கவும் காசு வந்தது. புதிய அங்கத்தவரைச் சேர்த்தால்தான் நிதி, குறித்த மாதத்துக்குள் கொடுத்து முடித்தால்தான் அடுத்த தவணை என்ற நிபந்தனைகளோடு. எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. இழப்பீடாக வருவதை அங்கத்தவர் நேரடியாகப் பெறட்டும், கடன் நிதி வேண்டாம் என்ற பக்கம் ஒரு வாக்கில் வென்றது. அந்த நேரத்தில் எங்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்றார்கள். நிதி வாங்கிய சங்கங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிணமும் இடிபாடும் கிடந்த கரையில் நின்று யார் என்ன தீர்மானித்தாலும் அது எளிதல்ல. ஆனால் திட்டக்காரர் போன பிறகு அந்தச் சங்கங்களில் சில பொதுச்சபைக் கூட்டத்துக்கே ஆள் சேர்க்க முடியாமல் தவித்ததையும் பார்த்தேன்.

பின்பு வந்தது நுண்கடன். போர் முடிந்ததும் கம்பனிகள் வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாக்கி, கிழமைக் கடன் கொடுத்தன. கணக்கை நேரடியாகப் பாருங்கள். 50,000 ரூபாக் கடன், ஒரு வருடம், வருட வட்டி 24 வீதம், ஆனால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிக் கிழமை வரை வட்டி என்றால் 12,000 ரூபா. அதே கடனை மாதம் ஒன்றரை வீதத்துக்கு, முதலைச் சமமாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்டி, மீதிக்கு மட்டும் வட்டி போடும் சங்கத்தில் வாங்கினால் 4,875 ரூபா. காகிதத்தில் 24க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம், கையில் இரண்டரை மடங்காகிறது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் நிலைக்கு இது போயிற்று. வங்கி இருந்தும் சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதிலில் பெரும்பகுதி இந்தக் கணக்குத்தான். வங்கி கேட்கும் காணி உறுதியும் சம்பளச் சீட்டும் இல்லாத பெண்ணுக்கு, கிழமைக் கடனையும் நகை அடைவையும் தவிர உள்ள ஒரே வாசல் இது.

குறைகளும் இருக்கின்றன. வட்டி கூடாது என்று விலகி நிற்கும் முஸ்லிம் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இந்த அமைப்பு இருக்கிற வடிவில் பதில் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வங்கிகளின் நிலையான வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. சங்கங்களில் வைப்பு வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டாயச் சேமிப்பு மட்டும் நின்றது, ஆனால் அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது அந்தச் சேமிப்பின் பெறுமதி கரைந்ததை எந்தக் கூட்டுறவுக் கொள்கையாலும் தடுக்க முடியவில்லை.

சேர நினைப்பவர்களுக்கு இன்னொன்று. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி இந்தச் சங்கங்களுக்குக் கிடையாது. கூட்டுறவு மாகாண சபையின் கீழ் வருவது. எனவே அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்திடும் முன் கடைசிக் கணக்காய்வு அறிக்கை எந்த ஆண்டுக்குரியது என்று கேளுங்கள். கடந்த பொதுச்சபைக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். நிலுவைக் கடன் பட்டியலில் நிர்வாகக் குழுவினரின் பெயர் எத்தனை என்றும் கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால், பங்குப் பணத்தைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கையில் வேறு சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.